புலியும் பித்தளைச் சுவர் விளக்கும்

எங்கள் மரூல் ஊரில் பட்டப்பெயரைத் தலைகீழாகத்தான் வைப்போம். செம்பட்டை முடிக்காரன் ஒருத்தன் இருக்கிறான், அவனுக்கு 'நீலம்' என்று பெயர். கசாப்புக் கடைக்காரன் வாசல் நிலை இடிக்கிற உயரம், அவன் 'குட்டை'. அந்தக் கணக்குப்படி வெர்ன் டிரெகில்காஸுக்குப் 'புலி' என்று பெயர் வைத்தபோது ஊரில் ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. கரன்ட் வேலை செய்கிறவர்களில் அவனைப் போலப் பயந்து சாகிற ஆளை நான் பார்த்ததில்லை.

பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டாமல் கால் விடமாட்டான், உள்ளே சிவப்பு முதுகு விஷச் சிலந்தி இருக்குமாம். மெயினை அவன் கையாலேயே அணைத்திருப்பான், ஆனாலும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பான். அப்புறம் டெஸ்டர் சரியாக இருக்கிறதா என்று வேறொரு பிளக்கில் சொருகிப் பார்ப்பான். திரும்ப வந்து மறுபடியும் முதலிலிருந்து. நான் சுவர் பூசுகிறவன், பக்கத்தில் சாந்தைக் குழைத்துக்கொண்டு நிற்பேன்.

"யோவ், என் சாந்து இறுகிப்போச்சு. நீ இன்னும் அந்த ஒயரோட கல்யாணப் பேச்சு பேசிக்கிட்டு இருக்கியா?" என்பேன்.

"சாந்து இறுகினா வேற குழைக்கலாம்டா ஹாக்கிங். நான் இறுகினா மெர்ல் வேற புருஷனைத்தான் தேடணும்."

மெர்ல் அவன் பெண்டாட்டி. அவள் அண்ணன் லான்ஸ் இவனோடுதான் வேலை பார்த்தான். ஒரு வீட்டுக் கூரைக்குள் லான்ஸ் ஏறினான், வெர்ன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கரன்டை அணைத்துவிட்டேன், ஒன்றும் ஆகாது என்று வீட்டுக்காரன் சொன்னான். எங்கள் நாட்டில் பாதிப் பேர் சாவது அந்த 'ஒண்ணும் ஆகாது' என்ற பேச்சினால்தான். லான்ஸின் கால்கள் ஏணிப்படியில் ஆடி நின்றதை வெர்ன் கீழே இருந்து பார்த்தான். அதற்கப்புறம் அவன் கூரைக்குள் ஏறவே இல்லை.

சுவர் விளக்கு வேலைக்கு அவன் வந்து சேர்ந்ததும் அதனால்தான். சுவர் விளக்கு கண்ணுயரத்து வேலை, ஏணி வேண்டாம். செய்து செய்து கை தேறிவிட்டது. கணப்புக்கு இரண்டு பக்கமும் ஜோடி மாட்ட வேண்டும் என்றால், முதலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருவான். உட்கார்ந்தவன் கண்ணில் பல்ப் குத்தக்கூடாது, நிற்கிறவன் தலை இடிக்கக்கூடாது, வெளிச்சம் சுவரில் வழிய வேண்டும், முகத்தில் அடிக்கக்கூடாது. அப்புறம்தான் பென்சிலால் புள்ளி வைப்பான். நான் பூசின சுவர் அந்த வெளிச்சத்தில் மழமழவென்று தெரியும். கொஞ்சம் மேடு பள்ளம் இருந்தால் அதையும் காட்டிக் கொடுத்துவிடும், அதற்காக அவனைத் திட்டவும் செய்வேன்.

ரோவினா கேட்லி என்ற அம்மாள் மெல்போர்னிலிருந்து வந்து, தங்கச் சுரங்கக் காலத்துப் பாங்கி மேனேஜர் வீட்டை வாங்கினாள். ஓய்வு பெற்ற நர்ஸ். வீட்டில் பாதி இடிந்து கிடந்தது. ஆனால் சுவரில் பழைய காஸ் விளக்குகள் வரிசையாக இருந்தன. கனத்த பித்தளை, வளைந்த கை, நுனியில் கூராக ஒரு பூமொட்டு. அந்த விளக்குகளுக்காகத்தான் வீட்டையே வாங்கினேன் என்றாள். அவற்றை அப்படியே கரன்டுக்கு மாற்றித் தரவேண்டும், சுவரையும் உடைக்கக்கூடாது.

அதற்கு எங்களிடம் ஒரு பழைய வழி உண்டு. காஸ் விளக்குக்கு வந்த இரும்புக் குழாய் சுவருக்குள்ளேயே செங்குத்தாக நிற்கும். தரைப்பலகைக்கு அடியில் தவழ்ந்து போய், பெரிய குழாயிலிருந்து அதை அறுத்து விட்டுவிட்டால், அந்தக் குழாய்க்குள்ளேயே ஒயரை மேலே ஏற்றிவிடலாம். இப்போது அதைச் செய்ய விடமாட்டார்கள். அப்போது எல்லோரும் செய்தோம். மரூலில் காஸ் கம்பெனியை மூடியது என் அப்பா காலத்தில். ஊரில் உள்ள பழைய குழாய் எல்லாம் செத்த குழாய் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அடியில் போகிற வேலை என்றதுமே புலி வெளிறிப் போனான். "கூரை வேணாம்னு ஓடி வந்தா பாதாளத்துல இறங்கச் சொல்றாங்களே" என்றான். ஆனாலும் இறங்கினான். நடைவழி அலமாரிக்குள் ஒரு பலகைக் கதவு, அதுதான் அடித்தளத்துக்கு ஒரே வழி. அங்கிருந்து சமையலறைக்கு அடியில் தவழ்ந்து, குறுக்கே நிற்கிற அஸ்திவாரச் சுவரில் ஒரு ஓட்டை வழியாக நுழைந்து, முன்னறைக்கு அடியில் போக வேண்டும். முதல் நாள் மத்தியானம் குழாய்களை எல்லாம் அறுத்துவிட்டு, தலை முழுக்க ஒட்டடையோடு மேலே வந்தான். ஒரு வாசனையும் இல்லை.

மறுநாள் காலை, எங்களுக்கு ஜூலைதான் குளிர்காலம், புல் எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. காற்று துளிகூட இல்லை. ரோவினா கரன்ட் கெட்டிலில் தேநீர் போட்டுக் கொடுத்தாள். கழற்றின விளக்குகளைத் துடைத்துச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கியிருந்தாள்.

"வெர்ன், இதை ஏன் ஸ்கான்ஸ்னு சொல்றாங்க? கடையிலயும் கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியலை."

"அதுவா? பெண்டிகோல ஒரு கன்னிமாடத்துக்கு விளக்கு மாட்டினேன். அங்க ஒரு சிஸ்டர் சொன்னாங்க. பெரிய கதை, மத்தியானம் சாப்பிடும்போது சொல்றேன்."

"அவன் சொல்ற கதையைக் கேட்டா சூப்பு ஆறிப்போயிடும், ஜாக்கிரதை" என்றேன் நான்.

"இன்னைக்குச் சூடாவே பூசணி சூப் வைக்கப் போறேன். எத்தனை நாள்தான் நீங்க ரெண்டு பேரும் ஆறின இறைச்சிப் பாஸ்டியத் தின்னுவீங்க?" என்றாள்.

நல்ல மனசு. அந்த நல்ல மனசில்தான் வந்தது வினை.

புலி கையில் இழுப்பு விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினான். கம்பிக் கூண்டுக்குள் ஒரு பல்ப், அதற்கு வெளியே தகர டப்பாவை வெட்டி ஒரு மூடி போட்டிருப்பான், பல்ப் கல்லில் பட்டு உடைந்துவிடக் கூடாதென்று. ஒயர் நடைவழி பிளக்கிலிருந்து உள்ளே போகும். நீளம் பத்தாமல் நடுவில் இன்னொரு ஒயரை இணைத்திருந்தான்.

நான் முன்னறையில் கணப்புக்கு மேலே ஒட்டுப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தேன். பூச்சு காயும்வரை நெருப்பு மூட்டவேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். மூட்டியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

முதல் குழாயில் ஒயர் ஏறிவிட்டது. அடுத்த குழாய் வாயில் முகத்தை வைத்து, "அனுப்பு புலி" என்று கத்தினேன். குழாயின் அடிப்பக்கமும் திறந்து கிடந்ததால் பேச்சு இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்கும். அப்போதுதான் அந்த நாற்றம் என் மூக்கில் ஏறியது. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி.

எங்கள் ஊர் வீடுகளில் இது சகஜம். பொந்துக்குள் பாஸம் என்கிற மரப்பிராணி புகுந்து செத்துக் கிடக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"யோவ், அடியில ஏதோ பாஸம் செத்துக் கிடக்கு போல. நாறுது."

"நான்தான்டா பயத்துல செத்துக் கிடக்கேன்" என்றது குழாய்.

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அப்புறம் குரல் மாறி வந்தது, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"ஹாக். இது காஸ். சத்தம் கேக்குது. உஸ்ஸுங்குது."

"எப்படிய்யா? இது செத்த குழாய்..."

"அந்தம்மா சமையக்கட்டுல என்ன பண்றாங்கன்னு பாரு. ஓடு!"

நடைவழி முழுக்க எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. ரோவினா அடுப்புக்கு முன்னால் நின்றாள். சூப் பாத்திரம் அடுப்பில். இடது கையில் தீப்பெட்டி, வலது கையில் குச்சி, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"உரசாதீங்க!" என்றேன். கத்தவில்லை. கத்தினால் பதறி உரசிவிடுவாளோ என்று பயம். கை நீட்டிக் குச்சியை வாங்கினேன். என் விரலில் ஒட்டியிருந்த ஈரச் சாந்து குச்சியின் தலையை நனைத்தது. அப்படியே கசக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"காஸ் சிலிண்டர் எங்கே?"

"பின்னாடி. இன்னைக்குக் காலையிலதான் கடைக்காரர் புதுசு மாட்டித் திறந்து விட்டுட்டுப் போனார். உங்களுக்கு சூப்..." பாதியில் நின்றாள். நர்ஸ் அல்லவா, என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "வெர்ன் எங்கே?"

"கீழே."

யாரோ முன்னாள் குடித்தனக்காரன், அடுப்புக்குப் புதுக் குழாய் போடச் சோம்பல்பட்டு, சிலிண்டரைக் கொண்டுபோய்ப் பழைய விளக்குக் குழாயோடு சேர்த்துவிட்டிருந்தான். ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே சேர்த்திருப்பான். முதல் நாள் சிலிண்டர் காலி. அதனால்தான் குழாயை அறுத்தபோது ஒன்றும் தெரியவில்லை.

பின்பக்கம் ஓடிச் சிலிண்டரை மூடினேன். மூடின பிறகுதான் புத்தியில் உறைத்தது, காலையிலிருந்து கசிந்த காஸ் எங்கே போயிருக்கும் என்று. சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனம், தண்ணீர் போலத் தாழ்வாகத் தேங்கும். காற்றில்லாத நாள். மொத்தமும் பலகைக்கு அடியில் அவனோடு படுத்துக் கிடக்கிறது.

"எதிர் வீட்டுக்குப் போய் தீயணைப்புக்குப் போன் பண்ணுங்க. இங்கேர்ந்து பண்ணாதீங்க, காரை எடுக்காதீங்க. எந்த சுவிட்சையும் தொடாதீங்க" என்றேன்.

"பிரிட்ஜ்?" என்றாள்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். மூலையில் வெள்ளையாக, சும்மா நின்றது. அது தானாகவே எப்போது வேண்டுமானாலும் ஓடத் தொடங்கும். தொடங்கும்போது உள்ளே ஒரு பொறி அடிக்கும். பிளக்கைப் பிடுங்கலாம் என்றால் பிடுங்கும்போதும் பொறி அடிக்கும்.

"அப்படியே விடுங்க. போங்க."

அவள் போனாள். நானும் அவளோடு போயிருக்கலாம். என் கால் அப்படித்தான் சொன்னது. ஆனால் குழாய் வழியாக அவன் கூப்பிடுவது நடைவழிவரை கேட்டது.

"ஹாக்... ஹாக்கிங்... இருக்கியாடா?"

போய்க் குழாயில் வாயை வைத்தேன். "இருக்கேன். சிலிண்டரை மூடிட்டேன். வெளிய வா புலி."

"முடியாது. அந்த அஸ்திவார ஓட்டைகிட்டதான் உஸ்ஸுன்னுச்சு. அங்க பள்ளம். காஸ் அதுலதான் தேங்கிக் கிடக்கும். என் ஒயர் இணைப்பும் அங்கதான் கிடக்கு. நான் தவழ்ந்து போறப்ப ஒயர் இழுபட்டு இணைப்பு கழண்டா..."

"அப்ப மேலே பிளக்கைப் பிடுங்கிடறேன்."

"தொடாதே! பிளக்கையும் தொடாதே, மெயினையும் தொடாதே. எரியறது எரியட்டும், அணைஞ்சது அணைஞ்சே கிடக்கட்டும்." மூச்சு வாங்கினான். "பல்ப் உடையாதவரைக்கும் ஒண்ணும்..."

அந்தப் பேச்சை அவன் முடிக்கவில்லை.

"கடப்பாரை எடுத்துப் பலகையைப் பேர்க்கட்டுமா?"

"இரும்பைத் தூக்கினே, உன்னைக் கொன்னுடுவேன். ஆணியில பட்டா பொறி." அவன் பல் அடித்துக்கொள்வது குழாயில் கடகடவென்று கேட்டது. "ஹாக், எனக்குக் கண்ணு சொக்குது."

அந்தக் காஸ் மூச்சையும் நிறுத்தும், வெடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்போதுதான் கிழக்குப் பக்கத்துச் சுவர் ஞாபகம் வந்தது. வெளியே தரைமட்டத்தில் அங்கே இரும்புக் கட்டம் போட்ட ஒரு காற்றுத் துவாரம் உண்டு. அந்தச் சுவர் அடிப்பகுதி முழுக்க உப்பு அரித்த சுவர், சுண்ணாம்புச் சாந்து விரலால் தொட்டாலே உதிரும். அதைச் சரி பண்ணாமல் மேலே பூசினால் நிற்காது என்று முதல் நாள்தான் ரோவினாவிடம் சண்டை போட்டிருந்தேன்.

"புலி, கிழக்குப் பக்கம் வெளிச்சம் தெரியுதா? சின்னதா, கட்டம் கட்டமா?"

"தெரியுது. தூரமா இருக்கு."

"அங்க வா. சுவரை நான் பேத்துடறேன்."

"எதைக் கொண்டு பேர்ப்பே? உன் கரண்டி இரும்புடா." அப்புறம் சொன்னான். "பித்தளை. பித்தளை பொறி அடிக்காது. விளக்கை எடு."

சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பளபளவென்று கிடந்தன.

"அப்புறம் என் இழுப்பு விளக்கை இங்கேயே விட்டுட்டுத்தான் வரணும். கொண்டு வந்தா ஒயர் இழுபடும்" என்றான். "இருட்டுடா ஹாக். சிலந்தி இருக்கும்."

"சிலந்தி கடிச்சா நாலு நாள் வீங்கும். வாய்யா!"

"வரேன். வந்துக்கிட்டே இருக்கேன். நீ பேசிக்கிட்டே இரு."

நான் மேசைக்கு ஓடினபோது ரோவினா திரும்பி வந்துவிட்டாள். போன் பண்ணியாகிவிட்டது, தீயணைப்பு ஆட்கள் எல்லாம் பண்ணைக்காரர்கள், வேலையை விட்டு வந்து வண்டியை எடுக்க நேரமாகும் என்றாள். ஒரு விளக்கு வேண்டும், பாழாகிவிடும் என்று சொன்னேன். அவள் என்னை விலக்கிவிட்டு, இருந்ததிலேயே கனமானதாகப் பார்த்து இரண்டு எடுத்தாள். ஒன்றை என் கையில் திணித்தாள். இன்னொன்றை அவளே பிடித்துக்கொண்டாள்.

கிழக்குச் சுவருக்கு வெளியே மண்டியிட்டோம். துவாரத்துக்குள்ளிருந்து அதே முட்டைக்கோஸ் நாற்றம் காலில் வழிந்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. விளக்கின் கூரான பூமொட்டைச் செங்கல் இடுக்கில் விட்டு இழுத்தேன். சாந்து ஈர மாவு போல உதிர்ந்தது. இழுத்தேன், மறுபடி இழுத்தேன். முதல் செங்கல் ஆடியது. கையால் பிடுங்கிப் புல்லில் வைத்தேன், எறியவில்லை. கல்லோடு கல் மோதினாலும் பயம்.

உள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம். அப்புறம் இரும்புக் கட்டத்துக்குப் பின்னால் அவன் முகம், மண்ணும் ஒட்டடையுமாக, கண் மட்டும் வெள்ளையாக.

"வந்துட்டேன்" என்றான், குடித்தவன் மாதிரிக் குழறி.

"மூக்கைத் துவாரத்துல வைங்க, வெர்ன்" என்று ரோவினா தரையில் குப்புறப் படுத்து அவன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். கை மட்டும் பித்தளையால் சுரண்டிக்கொண்டே இருந்தது. "தூங்கக்கூடாது. கதை சொல்றேன்னீங்களே, விளக்குப் பேர்க் கதை. இப்பச் சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். சொல்லுங்க."

"பழைய காலத்துச் சாமியாருங்க..." மூச்சு. "மடத்துல. விடியறதுக்கு முன்னாடி இருட்டுல எந்திரிச்சு ஜபம் படிப்பாங்க. பக்கத்துல விளக்கு வேணும். ஆனா மத்தவன் கண்ணுல அடிக்கக்கூடாது. காத்துல அணையக்கூடாது."

"ம். அப்புறம்?"

"ஒரு பக்கம் மூடி வச்சாங்க. என் டப்பா மாதிரி. வெளிச்சம் புஸ்தகத்துல மட்டும் விழும். ஒளிச்சு வச்ச விளக்கு. லத்தீன்ல ஒளிச்சு வச்சதுன்னு ஒரு சொல்லு... அப்ஸ்கான்ஸா... அதுதான் பேரு."

இரண்டாவது செங்கல் வந்தது. மூன்றாவது பிடிவாதமாக நின்றது. என் விளக்கின் கை வளைந்துவிட்டது. திருப்பிப் பிடித்து, சுவரில் பதியும் தட்டின் விளிம்பால் சுரண்டினேன். விரல் கிழிந்து ரத்தம் வந்தது, வலி தெரியவில்லை.

"வெர்ன்! அப்புறம்?"

"பிரெஞ்சுக்காரன் வாயில... அதுல பாதி போச்சு. இங்கிலீஷ்காரன் வாயில... மிச்சப் பாதி. கைப்பிடி வச்சாங்க. அப்புறம் பின்னாடி தட்டு வச்சு..."

நின்றுவிட்டான்.

அப்போது திறந்திருந்த சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டது. 'டிக்.' அதற்குப் பின்னால் உர்ரென்று பிரிட்ஜ் ஓடத் தொடங்கியது.

நான் கண்ணை மூடினேன். ரோவினாவின் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. ஒன்றுமே நடக்கவில்லை. எங்கோ ஒரு மாக்பைப் பறவை கத்தியது. பிரிட்ஜ் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. காஸ் அவ்வளவு உயரம் ஏறவில்லை, அவ்வளவுதான் காரணம். வேறு புண்ணியம் ஒன்றுமில்லை.

கண்ணைத் திறந்தபோது புலியின் கண் மூடிக் கிடந்தது.

"வெர்ன் டிரெகில்காஸ்!" என்று ரோவினா வார்டில் நோயாளியை அதட்டுகிற குரலில் அதட்டினாள். "தட்டு வச்சு எங்க மாட்டினாங்க?"

உதடு அசைந்தது. "செவுத்துல" என்றான். "வேற எங்க மாட்டுவாங்க, முட்டாளுங்களா."

அந்த வசவைக் கேட்டதும் எனக்குக் கையில் எங்கிருந்தோ பலம் வந்தது. இரும்புக் கட்டம் பதிந்திருந்த கல்லைச் சுற்றி இருவரும் சுரண்டினோம். கட்டத்தை வியர்வையில் நனைந்த என் சட்டையில் சுற்றி மெதுவாக அசைத்து எடுத்தோம். அடுத்தடுத்து இரண்டு கல் தானாகவே சாய்ந்தன. ஓட்டைக்குள் கையை விட்டு அவன் காலரைப் பிடித்தேன். தோள் மாட்டிக்கொண்டது.

"மூச்சை வெளிய விடுய்யா!"

"விடறதுக்கு எங்கடா இருக்கு?"

ரோவினா அவன் ஒரு கையை முன்னால் இழுத்து, தோளைச் சாய்த்தாள், பிரசவம் பார்ப்பவள் போல. நான் இழுத்தேன். சட்டை கிழிந்தது, தோல் உரிந்தது, ஆள் வந்துவிட்டான். இரண்டு பேருமாக அவனை மேட்டுப் பக்கம், தெருவைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனோம். உறைந்த புல்லில் அவனைப் போட்டுவிட்டு நானும் விழுந்தேன். அவன் கால்சட்டை நனைந்திருந்தது. என்னுடையதும் அப்படித்தான்.

தீயணைப்பு ஆட்கள் வந்து தெருவை அடைத்தார்கள். கரன்ட் ஆபீஸ்காரர்கள் கம்பத்திலேயே கரன்டை வெட்டினார்கள். அந்த நிமிஷம்வரை அடியில் இழுப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நாங்கள் போட்ட ஓட்டை வழியாகப் பார்த்தால் தெரிந்தது, தகர டப்பாவுக்குள் ஒளிந்துகொண்டு, மஞ்சளாக. அணைந்ததும் எல்லோரும் மூச்சு விட்டோம்.

காஸ் எல்லாம் வெளியேறி, பழைய குழாயை அடியோடு பிடுங்கி எறிந்த பிறகு வேலை தொடர்ந்தது. புலி திரும்ப வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். ஆனால் அடியில் இறங்கவில்லை, நான்தான் இறங்கினேன். மேலே குழாய் வாயில் காதை வைத்துக்கொண்டு, "இருக்கியாடா? இருக்கியா?" என்று மூச்சுக்கு மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு அது வேண்டியும் இருந்தது. கேலி பண்ணவில்லை.

வளைந்த விளக்குகளைப் பெண்டிகோவில் கொடுத்து நிமிர்த்திக்கொண்டு வந்தாள் ரோவினா. தட்டில் விழுந்த கீறல் போகவில்லை. சுவிட்சைப் போடும் நாளில் புலி எங்களை எல்லாம் தெருவுக்கு அனுப்பினான். அறை அறையாக மூக்கைத் தரையில் வைத்து மோந்துவிட்டு வந்து, சுவிட்சுக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். போட்டான். வெளிச்சம் சுவரில் வழிந்தது. அப்புறமும் அவன் கை சுவிட்சிலேயே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் பப்பில் கூட்டம். கசாப்புக் கடைக் குட்டை எழுந்து நின்று கிளாஸைத் தட்டினான்.

"மக்களே, ஒரு பிரச்சினை. இருட்டுல, காஸுக்குள்ள, விளக்கை விட்டுட்டுத் தவழ்ந்து வந்திருக்கான் இந்த ஆளு. இனிமே இவனைப் புலின்னு எப்படிக் கூப்பிடறது? பொருந்திப் போச்சே! ஊர் வழக்கம் என்ன ஆகறது?"

"எலின்னு மாத்திடலாம்!" என்றான் நீலம். ஒரே சிரிப்பு.

புலி நிஜமாகவே பதறிப் போனான். "வேணாம்ப்பா. பேரை மாத்தாதீங்க. நான் முன்னைவிட இப்பத்தான் அதிகமாப் பயப்படறேன். வேணும்னா மெர்லைக் கேளுங்க, ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டேங்கறேன்."

"சத்தியமாவா?"

"லான்ஸ் மேல சத்தியமா."

அப்புறம் குட்டை கிளாஸை உயர்த்தினான். "சரி, பயந்தாங்கொள்ளியாவே இருக்கான். பேரு நிக்கட்டும். புலிக்கு!"

"புலிக்கு!" என்று கூட்டம் கத்தியது. நானும் அவனும் கிளாஸைத் தூக்கினோம்.

அப்போது கல்லாவுக்குப் பின்னால் பீர் வைக்கும் பெரிய பிரிட்ஜ் 'டிக்' என்றது. உர்ரென்று ஓடத் தொடங்கியது.

யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இரண்டு பேர் கிளாஸ் மட்டும் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருமே மூக்கை லேசாக உயர்த்தி மோந்துகொண்டிருந்தோம்.